பயமுறுத்தும் பெயரைப் பார்த்து யாரும் உள்ளே வர மாட்டார்கள்

கதையில் ஒரு கல்ட், அதாவது ஒரு தலைவரின் பிடிக்குள் கண்மூடிக் கிடக்கும் குழு, வேண்டும் என்றதும் கை தானாகப் போவது ரத்தம், நாகம், காலன், நிழல் பக்கம்தான். 'கருநாக ரத்தபீடம்', 'அந்தகார சபை' என்று எதையாவது எழுதிவிட்டு, சரி, பெயர் முடிந்தது என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். நான் சில வருடங்களாகத் திகில் கதைகள் எழுதுகிறேன், அதோடு நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டுகளையும் நடத்துகிறேன். இரண்டிலும் ரகசியக் குழுக்கள் வந்துகொண்டே இருக்கும், பெயர் வைக்கும் வேலையும் தீராது. இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம், அந்தப் பெயரை எழுத்தாளர் வைக்கக் கூடாது, கல்ட்டே தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். வாசகரை மிரட்ட நாம் வைக்கும் பெயருக்கும், வாசலில் தயங்கி நிற்கும் ஒருவரை உள்ளே கூப்பிட அந்தக் குழு வைத்துக்கொள்ளும் பெயருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நிஜத்தில் இருந்த பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டுக் காட்டுக்குள் 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்களே, ஜிம் ஜோன்ஸின் அந்தக் குழுவுக்குப் பெயர் பீப்பிள்ஸ் டெம்பிள், அதாவது மக்கள் ஆலயம். ஜோன்ஸ்டவுன் குடியிருப்பின் முறையான பெயரைக் கேட்டால் கொட்டாவிதான் வரும்: பீப்பிள்ஸ் டெம்பிள் விவசாயத் திட்டம். சிலி நாட்டில் பால் ஷேஃபர் என்ற ஜெர்மானியர் 1961-ல் தொடங்கிய காலனியில் வருடக்கணக்கில் குழந்தைகள் சீரழிக்கப்பட்டார்கள், அந்நாட்டுச் சர்வாதிகாரி பினோசெட்டின் ரகசியப் போலீஸ் கைதிகளைக் கொண்டுவந்து சித்திரவதை செய்யவும் அங்கே இடம் கிடைத்தது. பதிவேட்டில் அதன் பெயர் டிக்னிதாத் நற்பணி மற்றும் கல்விச் சங்கம், டிக்னிதாத் என்றால் கண்ணியம். ஆஸ்திரேலியாவில் ஆன் ஹாமில்டன்-பர்ன் என்ற யோகா ஆசிரியை, யார் யாரோ பெற்ற பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று சொல்லி, பலரின் தலைமுடிக்கும் ஒரே மாதிரி வெளிர்நிறச் சாயம் பூசி, வெளியுலகம் தெரியாமல் ஓர் ஏரிக்கரை வீட்டில் வைத்து வளர்த்தார். 1987-ல் போலீஸ் போய்த்தான் மீட்டது. அந்தக் குழு வைத்திருந்த ஒரு பெயர் சாந்திநிகேதன் பார்க் அசோசியேஷன். மாதம் ஒருமுறை கூடிக் குப்பை, குடிநீர் பற்றிப் பேசும் சங்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2023-ல் கென்யாவின் ஷகஹோலா காட்டில் 400-க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்த சம்பவத்தில், இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடக்கச் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட போதகரின் சபைப் பெயரில் இருந்த வார்த்தை 'நற்செய்தி'.

இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்றைக் கதையில் வைத்து அனுப்பிப் பாருங்கள். படித்துவிட்டுக் கருத்துச் சொல்கிற நண்பர் கட்டாயம் "இன்னும் கொஞ்சம் காரமா இருந்தா நல்லா இருக்குமே" என்பார். இன்னொன்று, நிஜத்தில் பெயர்கள் தனித்துவமாகவும் இருப்பதில்லை. அமெரிக்காவில் கொலைகள் செய்த சார்லஸ் மேன்சனின் கும்பலையும் 'குடும்பம்' என்றார்கள், மேலே சொன்ன ஆஸ்திரேலியக் குழுவையும் 'குடும்பம்' என்றார்கள், டேவிட் பெர்க் 1968-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சில்ட்ரன் ஆஃப் காட் குழுவும் பின்னாளில் 'அன்பின் குடும்பம்' என்று மாறிக் கடைசியில் குடும்பத்திலேயே வந்து நின்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று குழுக்கள். நாம் கதையில் இப்படி வைத்தால் சோம்பேறித்தனம் என்பார்கள். ஆனால் குடும்பம், இல்லம், வட்டம், வழி, வகுப்பு, தோட்டம், பள்ளி மாதிரி யாருக்கும் சொந்தமில்லாத சாதாரணச் சொற்களில்தான் இந்தக் குழுக்கள் வசதியாகக் குடியேறுகின்றன.

அதனால் நான் பெயரிலிருந்து தொடங்குவதே இல்லை. அந்தக் குழு முதன்முதலில் சுவரில் ஒட்டிய நோட்டீஸை எழுதுகிறேன். யாருக்காக ஒட்டினார்கள், அவருக்கு என்ன வலி, என்ன இலவசம், எந்தக் கிழமை. இது தெரிந்துவிட்டால் பெயர் தானாக நோட்டீஸின் மேலே வந்து உட்கார்ந்துவிடும். அண்மையில் ஒரு விளையாட்டுக்காக எழுதியதை அப்படியே தருகிறேன்:

"தூக்கம் வரவில்லையா? உங்களுக்கு மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிறோம். கட்டணம் எதுவும் இல்லை. பேசப் பிடிக்கவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம்."

அந்தக் கடைசி வரிதான் தூண்டில். தூக்கம் கெட்டு, பேச ஆளும் இல்லாமல், ஆனால் பேசு பேசு என்று யாரும் நச்சரிக்கவும் கூடாது என்று நினைக்கிற ஒருவர் அதைப் படித்தால் போவார்தானே? நானே போவேன். இதற்கு மேல் என்ன தலைப்பு வரும், 'இரவு வாசிப்பு வட்டம்' என்று வந்தது. நடத்துபவர் ஓய்வுபெற்ற மருந்தாளுநர், தனியாள், நல்ல குரல் என்று வைத்துக்கொண்டேன். இப்போது இந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடவிட வேண்டும். முதலில் தூக்கம் வராததற்கு ஆறுதல் சொல்கிறார். அப்புறம் தூக்கம் வராததே ஒரு தகுதி என்கிறார். அதற்கும் அப்புறம், ஊர் உறங்கும்போதுதான் ஏதோ ஒன்று வந்து ஆட்களை மாற்றிவைத்துவிட்டுப் போகிறது, விழித்திருப்பவர்கள் மட்டும் மாறாமல் இருக்கிறார்கள் என்கிறார். இந்த இடத்தில் 'வாசிப்பு வட்டம்' அவர்களுக்கே சின்னப் பெயராகப் பட ஆரம்பிக்கும், தங்களுக்குள் 'விழித்திருப்போர்' என்று சொல்லிக்கொள்வார்கள். நன்கொடை வாங்க, கட்டடம் எடுக்க ஒரு பதிவு வேண்டும், அதற்கு 'விழிப்பு நலவாழ்வு அறக்கட்டளை'. அக்கம்பக்கத்தில் 'ஆந்தைக் கூட்டம்'. ஒரு சாவு விழுந்து, செய்தி வந்து, வழக்கு நடந்த பிறகு மிச்சம் இருப்பவர்கள் வேறு இடத்தில் 'வைகறை' என்று பலகை மாட்டுவார்கள்.

ஒரே குழு, ஐந்து பெயர். என்னைக் கேட்டால் கற்பனைக் கல்ட்டுக்கு ஒற்றைப் பெயர் வைப்பதுதான் அது கற்பனை என்று காட்டிக்கொடுக்கிறது. நிஜக் குழுக்கள் சட்டை மாற்றுகிற மாதிரி பெயர் மாற்றியிருக்கின்றன. டோக்கியோவில் 1984-ல் ஒரு சின்ன யோகா வகுப்பாகத் தொடங்கியது, 1987-ல் ஓம் ஷின்ரிக்கியோ ஆனது, 1989-ல் மத நிறுவனமாக அரசுப் பதிவு வாங்கியது, 1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுவை விட்டது. 2000-ல் அதே அமைப்பு ஆலெஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2007-ல் அதிலிருந்து ஒரு பிரிவு ஒளி வளையம் என்று பொருள்படும் பெயரோடு தனியாகப் போனது. அமெரிக்காவின் ஹெவன்ஸ் கேட், அதாவது சொர்க்க வாசல், என்ற பெயர் எடுத்த எடுப்பிலேயே கல்ட் பெயர் மாதிரி இருக்கிறதே என்று கேட்கலாம். 1997 மார்ச்சில் 39 பேர் இறந்தபோது அந்தப் பெயர்தான் செய்திகளில் வந்தது, ஆனால் அதற்கு முன்பு அந்தக் குழு 'மனிதரின் தனிப்பட்ட உருமாற்றம்' என்ற பொருளில் ஒரு பெயரோடு திரிந்திருக்கிறது, குடிப்பழக்கத்தை விட உதவும் குழுக்களின் பாணியில் 'டோட்டல் ஓவர்கம்மர்ஸ் அனானிமஸ்' என்றும் வைத்துப் பார்த்திருக்கிறது, பிழைப்புக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்த அவர்களுடைய தொழிலுக்கு 'ஹையர் சோர்ஸ்' என்று இன்னொரு பெயர். உள்ளே இருந்தவர்களுக்கு அது வெறும் 'வகுப்பு'. டெக்சாஸில் 1993-ல் 51 நாள் முற்றுகைக்குப் பிறகு எரிந்துபோன குழுவை உலகம் பிராஞ்ச் டேவிடியன்ஸ் என்றது, டேவிட் கொரேஷின் ஆட்களோ தங்களை ஏழு முத்திரைகளின் மாணவர்கள் என்றார்கள்.

எந்தப் பாத்திரம் எந்தப் பெயரைச் சொல்கிறது என்பதை வைத்தே அவர் எங்கே நிற்கிறார் என்று காட்டிவிடலாம். விசாரிக்க வரும் அதிகாரி 'அறக்கட்டளை' என்பார், பக்கத்து வீட்டுக்காரர் 'ஆந்தைங்க' என்பார், பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவுக்கு எந்தப் பெயரும் வாயில் வராது, 'அங்க' என்று மட்டும் சொல்வார். வெளியே வந்து பல வருடம் ஆன ஒருவர் பேச்சு வேகத்தில் 'வட்டத்துல' என்று பழைய பெயரைச் சொல்லிவிட்டால் வாசகருக்குப் போதும், நாம் ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டாம்.

பெயரை விட உள்ளே புழங்கும் சொற்களுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். சீனாவின் சித்தாந்தச் சிறைகளிலிருந்து வந்தவர்களிடம் பேசி ஆராய்ந்த மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், மனதை வளைக்கும் சூழல்களின் எட்டு அடையாளங்களை 1961-ல் வகுத்துச் சொன்னார். மொழிக்குச் சுமை ஏற்றுவது அதில் ஒன்று. பெரிய கேள்விகளை எல்லாம் ஒரு சின்னச் சொல்லில் அடைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். ஹெவன்ஸ் கேட்டில் உடம்புக்கு 'வாகனம்' என்று பெயர். உடம்பை விட வேண்டும் என்றால் அது சாவு, வாகனத்தை விட்டு இறங்குவது அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லையே. ஓம் ஷின்ரிக்கியோவில் ஆளைக் கொல்வதற்கு 'போவா' என்றார்கள், உயிரை மேல்நிலைக்கு அனுப்பும் திபெத்திய பௌத்தச் சடங்கின் பெயர் அது. சோலார் டெம்பிள் குழு 1994-ல் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் நடந்த கூட்டுச் சாவுகளுக்குச் சொன்ன வார்த்தை 'டிரான்சிட்', அதாவது கடந்து போவது. ஜோன்ஸ்டவுனில் சாவு ஒத்திகை நடந்த இரவுகள் 'வெள்ளை இரவுகள்'.

என் வட்டத்துக்கு இதெல்லாம் கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைத்தது, தமிழில் சாமம் என்று ஒரு சொல் இருக்கிறதே. புதிதாக வந்தவர் முதல் சாமம், பழகியவர் இரண்டாம் சாமம், நடத்துபவருக்கு நெருக்கமானவர்கள் கடைச் சாமம். எந்தச் சாமத்தில் இருக்கிறீர்கள் என்று வெளியாள் காதுபடக் கேட்டால்கூட ஒன்றும் சந்தேகம் வராது. குழுவை விட்டுப் போனவரைப் பற்றி 'தூங்கிட்டார்' என்பார்கள். விளையாட்டில் ஒருவர் தன் அக்காவைத் தேடி அந்த வீட்டுக்குப் போகும் தம்பியாக ஆடினார், கதவைத் திறக்கும் பெண்ணாக நான் பேசினேன்.

"அக்கா இருக்காங்களா?"

"அக்கா தூங்கிட்டாங்க தம்பி."

"சரி, நான் வெயிட் பண்றேன். எப்ப எழுந்திருப்பாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு உறுப்பினரைத் திரும்பிப் பார்ப்பதாக மட்டும் சொன்னேன். மேசையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் ஒருவர் மெல்ல, "அவங்க இல்லைல்ல?" என்றார். உண்மையில் அந்த அக்கா குழுவை விட்டு ஓடிவிட்டாள், உயிரோடுதான் இருந்தாள். அதை அவர்கள் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆனது. பயத்தை எல்லாம் இந்த ஒரு சொல்லே பார்த்துக்கொண்டது, குழுவின் பெயர் எங்கேயும் வரவில்லை.

பதவிப் பெயர்களுக்கும் 'மகா', 'பரம', 'ஆதி' எல்லாம் வேண்டாம். மேலே சொன்ன ஜப்பானியக் குழு 1994-ல் தனக்குள் ஒரு அரசாங்கமே அமைத்துக்கொண்டது, அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம், சுகாதார அமைச்சகம் என்று துறைகள் பிரித்து, ஆளுக்கொரு இலாகா. ஃபுஜி மலையடிவாரத்தில் சாரின் தயாரித்த கட்டடத்தின் பெயர் ஏழாம் சத்யம். ஆமாம், நம்முடைய அதே சத்யம்தான், ஜப்பானிய உச்சரிப்பில் சத்தியான் என்பார்கள். விஷத் தொழிற்சாலைக்கு இப்படி ஒரு பெயரை நான் யோசித்து வைத்திருந்தால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று நானே அடித்து நீக்கியிருப்பேன்.

தலைவருக்கும் இரண்டு பெயராவது வேண்டும், பிறந்தபோது வைத்தது ஒன்று, உள்ளே கூப்பிடுவது ஒன்று. வெர்னன் ஹவல் 1990-ல் சட்டப்படி டேவிட் கொரேஷ் ஆனார், ஒரு பைபிள் ராஜா பெயரோடு பாரசீக மன்னர் சைரஸின் பெயரையும் ஒட்டிக்கொண்டார். ஓம் ஷின்ரிக்கியோவின் தலைவர் ஷோகோ அசஹாராவின் இயற்பெயர் சிசுவோ மட்சுமோட்டோ. ஹெவன்ஸ் கேட்டைத் தொடங்கிய ஆப்பிள்வைட்டும் நெட்டில்ஸும் மேற்கத்திய ஸ்வரங்களை எடுத்துக்கொண்டு 'டோ', 'டி' ஆனார்கள். அமெரிக்காவில் நெக்ஸியம் என்ற குழுவை நடத்திய கீத் ரனியெரி தன்னை 'வான்கார்ட்', முன்னணிப் படை என்று அழைக்க வைத்தார், 2020-ல் 120 வருடச் சிறைத் தண்டனை வாங்கினார். ஜிம் ஜோன்ஸை உள்ளே 'அப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். என் மருந்தாளுநரை எல்லோரும் 'சார்' என்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். குருஜி, சுவாமி என்று வைத்தால் வாசகர் முதல் வரியிலேயே உஷாராகிவிடுவார், சாரிடம் யாரும் உஷாராவதில்லை. 'சார் வேண்டாம்னு சொன்னார்', 'சாருக்குத் தெரியும்' என்று போகப் போகத்தான் அந்தச் சொல் கனக்கத் தொடங்கும்.

பெயரை முடிவு செய்யும் முன் நான் செய்கிற சோதனைகள் சாதாரணமானவை. முதலில் வேற்றுமை உருபு ஒட்டிப் பார்ப்பது. 'வட்டத்துக்கு', 'வட்டத்திலிருந்து', 'வட்டத்துக்காரங்க' எல்லாம் வாயில் வழுக்கிக்கொண்டு போகும். 'அந்தகார ரத்தபீடத்திலிருந்து வந்தவர்கள்' என்று ஒரு நாவல் முழுக்க எழுத வேண்டி வந்தால் எழுதுபவருக்கே வெறுத்துவிடும், நாலாவது பக்கத்தில் எப்படியும் 'பீடம்' என்று சுருக்கத்தான் போகிறோம். எனவே சுருங்கின பிறகு என்னவாகும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, உறுப்பினர் ஒருவர் தன் அத்தையிடம் போனில் கூச்சமில்லாமல் அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். "வெள்ளிக்கிழமை வர முடியாது அத்தை, வட்டத்துக்குப் போகணும்." அத்தை "நல்லா படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார், சோதனை பாஸ்.

மூன்றாவதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு அமைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும், தமிழிலும் ஆங்கில எழுத்திலும், 'ழ'வை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்களோ அத்தனை விதமாகவும். சாதுவான பெயர்களில் இருக்கும் சிக்கலே இதுதான், எவ்வளவு இயல்பான பெயரோ அவ்வளவு தூரம் யாரோ ஒரு நல்லவர் ஏற்கெனவே ஒரு முதியோர் இல்லத்துக்கு அதை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் விட்டுவிடுவேன், ஒரு எழுத்து மாற்றிச் சமாளிக்கும் வேலை வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒரு சின்ன சமூகத்தின் தெய்வத்தையோ சடங்கையோ எடுத்து வில்லன் கும்பலுக்குச் சூட்டுவதும் கூடாது. அது விசித்திரமாகத் தெரிவது நமக்கு அவர்களைத் தெரியாததால்தான், கதை படித்தவர்கள் மறுநாள் அவர்களைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நிஜச் சம்பவங்களிலிருந்து பெயர்களின் போக்கை, அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். செத்தவர்களின் விவரங்களை நான் எடுப்பதில்லை. ஜோன்ஸ்டவுனில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். அதை வைத்து விளையாட்டுக்குப் புதிர் செய்ய மனசு வரவில்லை.

இப்போது எழுதிக்கொண்டிருப்பதில் பெயரே இல்லாத குழு ஒன்றை முயற்சி செய்கிறேன். அதற்கும் நிஜத்தில் முன்மாதிரி இருக்கிறது. அயர்லாந்தில் 1897 வாக்கில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவக் குழு தனக்குப் பெயரே கிடையாது என்கிறது. அதைக் கல்ட் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, அந்த விவாதம் இங்கே வேண்டாம். பிரசங்கிகள் ஜோடி ஜோடியாகப் போவதால் வெளியார் அவர்களுக்கு 'டூ பை டூஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள், உள்ளே இருப்பவர்கள் 'சத்தியம்' என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள். பெயர் இல்லை என்றால் தேட முடியாது, புகார் எழுத முடியாது, நீங்கள் அதில்தானே இருக்கிறீர்கள் என்று ஒருவரைக் கேட்கவும் முடியாது. கதைக்கு நல்ல தொல்லைதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'அவர்கள்' யார் என்று குழப்பம் வருகிறது, போலீஸ்காரர் பாத்திரம் எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதுவார் என்பது இன்னும் பிடிபடவில்லை. தற்போதைக்கு அவர் கதவு எண்ணை எழுதுகிறார்.